அண்ணியின் பெயிண்டை மிதித்த கடற்காகம்

எங்கள் வீட்டு அடுப்படியில் தண்ணீர் கேன் உட்கார்ந்திருக்கும் பலகை பளிச்சென்ற மஞ்சள். அதன் குறுக்கே ஒரு பறவை நடந்து போயிருக்கிறது. மொத்தம் ஒன்பது தடம். ஒவ்வொன்றிலும் மூன்று விரல், இடையில் ஜவ்வு. ஒன்பதாவது தடத்தில் கால் வழுக்கி, ஒரு கோடு இழுபட்டிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் "டிசைன் நல்லாயிருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்பார்கள். என் அண்ணி பதில் சொல்ல மாட்டாள். நான்தான் சொல்வேன். ஆளுக்கு ஒரு கதை. அதனால் உண்மைக் கதையைச் சொல்லும்போது என்னை யாரும் நம்புவதில்லை. அதை எழுதியாவது வைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணி படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவள். துறைமுகத்தில் படகு பழுதுபார்க்கும் பட்டறை இருக்கிறது. படகைக் கரையேற்றி நிறுத்தினால் முதலில் அண்ணிதான் கைவைப்பாள். பழைய பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பூசி, பிரைமர் அடித்து, அதன் மேல் கோட் கோட்டாக ஏற்றுவாள். படித்தது எட்டாவது வரை. நான் பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்டவள் என்பதால், எங்கள் வீட்டில் படிப்பைப் பற்றிப் பேசும்போது அவள் வாயைத் திறக்க மாட்டாள். அந்த ஒரு விஷயத்துக்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். இதை அவளிடம் சொன்னதில்லை. நாத்தனார் என்றால் கொஞ்சம் மரியாதை வேண்டாமா.

அண்ணன் அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். கல்யாணக் கதையை யார் கேட்டாலும் அவன் இப்படித்தான் ஆரம்பிப்பான்: "மேல இருந்து பார்த்தா எல்லாரும் வெறும் உச்சந்தலைதான். இவ ஒருத்திதான் தினம் நிமிர்ந்து என்னையே பார்ப்பா. ஒரு வாரம் பார்த்தா. இறங்கிப் போய் பேர் கேட்டேன்."

அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டே திருத்துவாள். "உங்க தலைக்கு மேல கிரேன்ல ஒரு கடல் காக்கா உக்காந்திருந்துச்சு. வாலு நுனியில கறுப்புப் பட்டை. அது முழுசா போகுதான்னு ஒரு வாரமா பார்த்துட்டிருந்தேன்."

"அப்புறம் ஏன்டி கட்டிக்கிட்டே?"

"நீங்க இறங்கி வந்ததும் அது பறந்துடுச்சு. வேற வழி."

கடற்காகங்கள்தான் அண்ணியின் பைத்தியம். குளிர்காலம் தொடங்கியதும் அவை கூட்டம் கூட்டமாக எங்கள் துறைமுகத்துக்கு வந்துவிடும். எனக்கு எல்லாம் ஒன்றுதான்: வெள்ளை, கூச்சல், தலையில் எச்சம். அண்ணிக்கு அப்படியில்லை. சின்ன வகை இரண்டு உண்டு. குளிர்காலத்தில் அவற்றின் தலை வெளுத்து, காதுக்குப் பின்னால் மை தொட்டு வைத்ததுபோல் ஒரு பொட்டு மட்டும் மிஞ்சும். பெரிய வகையின் கால் ரோஸ் நிறம். இங்கே அதிகமாக இருப்பது அதுதான். முழுசாக வளர நான்கு வருடம் ஆகும். வருடா வருடம் உடுப்பு மாறுவதால் அண்ணனும் தம்பியும் வேறு வேறு பறவைபோலத் தெரிவார்கள். கற்றவர்களே இதில்தான் குழம்புகிறார்கள்.

அண்ணி குழம்புவதில்லை. அவளுக்கு அது படகு. முதல் குளிர்காலத்துக் குஞ்சு உடம்பெல்லாம் பழுப்பு, அது பிரைமர். அடுத்த வருடம் முதுகில் மட்டும் சாம்பல் ஏறும், கீழே பழுப்பு எட்டிப் பார்க்கும், அது ஒரு கோட். மூன்றாவது குளிர்காலத்தில் ஏறக்குறைய முடிந்ததுபோல் இருக்கும், ஆனால் அலகில் கறுப்பு வளையமும் இறக்கையில் பழுப்புத் தீற்றலும் மிச்சமிருக்கும். அது இரண்டு கோட். நான்காவதில் முடிந்தது, படகை இறக்கலாம். நோட்டில் 'பி, 1, 2, மு' என்று எழுதுவாள். பதினொரு குளிர்காலமாக எழுதிய பதினொரு நோட்டும் எங்கள் அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில் இருக்கின்றன. ஒரு தடவை ஒரு நோட்டில் நான் 'மயில், 1' என்று எழுதி வைத்தேன். அண்ணி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு நோட்டில் கைவைத்ததில்லை.

ஊரில் ஒரு பறவைச் சங்கம் இருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கடற்காகங்களை எண்ணுவார்கள். மணற்கரை, கழிமுகம், பூங்காக் குளம் எல்லாவற்றுக்கும் போட்டி இருக்கும். துறைமுகத்துக்கு மட்டும் ஆள் கிடைக்காது, நாற்றம் தாங்காது. பதினொரு வருடத்துக்கு முன்னால் அண்ணி போய்க் கேட்டாள், கொடுத்துவிட்டார்கள். அச்சடித்த படிவத்தில் 'துறைமுகம்' என்ற வரிக்கு எதிரே அவள் பெயர் வரும். அவள் பெயர் அச்சில் வருகிற இடம் ரேஷன் கார்டை விட்டால் அது ஒன்றுதான்.

சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். கூட்டம் அவருடைய கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நடக்கும். சுவரில் சொத்தைப் பல் படம், அதற்குக் கீழே பறவைப் பட்டியல். டாக்டரிடம் என் கையைவிட நீளமான லென்ஸ் உண்டு. செயலாளர் மருந்துக்கடைக்காரர். நல்ல மனுஷன், ஒரே ஒரு வியாதிதான், யார் எதைச் சொன்னாலும் கூட்டத்து மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிவிடுவார். "டீ ஆறிப்போச்சு" என்று யாரோ சொன்னதுகூட அதில் இருக்கிறது.

இனி என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். போன குளிர்காலத்தில் பரீட்சை முடிவு வந்து, வேலை வெட்டி இல்லாமல் இருந்தபோது, பட்டறையில் கிடந்த மரத்துண்டில் ஒரு கடற்காகம் செதுக்கினேன். அண்ணியின் மிச்ச டின்களில் இருந்து வெள்ளை, சாம்பல், ரோஸ் எல்லாம் எடுத்துப் பூசினேன். அலகில் ஒரு சிவப்புப் பொட்டுகூட வைத்தேன். கணக்கெடுப்பு நாள் காலையில் படகு கட்டும் கம்பத்தின் உச்சியில் அதை ஆணி அடித்து நிறுத்தினேன். டாக்டர் மேற்பார்வைக்கு வந்தார். லென்ஸை வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். "கம்பத்தின் மேல் ஒன்று, முழு வளர்ச்சி" என்று சொல்லி எழுதினார்.

அண்ணி ஒரே ஒரு தடவைதான் திரும்பினாள். "அது காக்கா இல்ல, டாக்டர்."

"என்னம்மா, கண்ணுக்கு முன்னால உக்காந்திருக்கு."

"எல்லாக் காக்காவும் காத்தைப் பார்த்து உக்காந்திருக்கு. இது காத்துக்கு முதுகைக் காட்டுது. முதுகுல அடிக்கிற காத்துக்கு ஒரு இறகுகூடத் தூக்கலை." பிறகு என்னைப் பார்த்தாள். "சாம்பல் என் டின்னு."

மீன் ஏலம் போடுகிறவர்கள் வரை சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. பல்லைப் பிடுங்குகிறவர்களுக்கு ஞாபகசக்தி அதிகம்போலிருக்கிறது.

இந்த வருடம், கணக்கெடுப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பட்டறையில் ஒரு மீன்பிடிப் படகு ஏறியது. படகுக்காரருக்கு எல்லாமே மஞ்சளில் வேண்டும். "பனியில தூரத்துல வர்றப்பவே என் படகுதான்னு தெரியணும்" என்றார். மீன் அறையின் மூடியை அண்ணி தனியாகக் கழற்றி, தரையில் வைத்து ரோலரால் உருட்டினாள். மத்தியான வேளை. பிரெட்டும் அவித்த முட்டையும் காகிதத்தில் இருந்தன. கை கழுவக் குழாய்க்குப் போனாள். திரும்பி வந்தபோது காகிதம் மட்டும் இருந்தது. ரோலர் தட்டில், நாலு விரல் ஆழத்துக்கு ஊற்றியிருந்த பெயிண்டில் ஏதோ இறங்கி ஏறியிருந்தது. தட்டிலிருந்து மூடிமேல் ஒன்பது தடம். பிறகு வானம்.

படகுக்காரர் வந்து பார்த்தார். "என்னம்மா, என் படகு மேல வாத்து மேய விட்டிருக்கே?"

"வாத்து இல்லண்ணே, கடல் காக்கா. பெரிசு. வலது கால்ல வெளி விரல் குட்டை, பாருங்க, நாலு தடத்துலயும் அப்படியேதான் இருக்கு."

"எனக்கு ஜாதகம் வேண்டாம், மூடி வேணும்."

வேறு பலகையில் புது மூடி செய்து கொடுத்தாள். பழையதைச் சுரண்ட மனம் வராமல் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது அண்ணியின் முகம் சரியில்லை. "தட்டை மூடாம போனது நான்தான். அது காலெல்லாம் எனாமல்" என்றாள். அண்ணன், "பிரெட்டைத் திருடினதுக்கு ஷூ கிடைச்சுது, லாபம்தானே" என்றான். அண்ணி சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து உள்ளூர்ப் பேப்பரில் ஒரு படம் வந்தது. துறைமுக வாசல் பக்கம் தேங்கின தண்ணீரில் ஒரு கடற்காகம் நிற்கிறது. பாதம் தண்ணீருக்குள் இருக்கிறது, தண்ணீருக்கு மேலே கால் பளபளவென்று மஞ்சள். 'மஞ்சள்கால் கடற்காகம், நம் கரையில் முதல் முறை. கண்டுபிடித்தவர் பல் மருத்துவர்.' கீழே டாக்டர் லென்ஸோடு சிரிக்கிறார். பல் வரிசை விளம்பரத்துக்கு வைக்கலாம்போல.

அண்ணி படத்தைப் பார்த்தாள். அடுத்த நாள் வேலைக்குப் போகும் முன்பு, பட்டறைக்குப் பின்னால் நின்று பறவையையே நேரில் பார்த்தாள். அந்தப் பக்கம் புல் காடாக வளர்ந்திருந்ததால் பாதம் தெரியவில்லை. வந்து சொன்னாள்: "இரண்டு கோட். அலகுல வளையம் அப்படியே இருக்கு. கழுத்தெல்லாம் பென்சில்ல கிறுக்கின மாதிரி கோடு. பக்கத்துல நிக்கிற ரோஸ் கால் காக்கா முதுகுல என்ன சாம்பலோ அதே சாம்பல்தான் இதுக்கும். மஞ்சள் எங்க முடியுதோ அங்க ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி முடியுது. அது தட்டோட ஆழம்."

"அப்ப அது மஞ்சள்கால் இல்லையா?"

"மஞ்சள்கால்தான். என் மஞ்சள்."

சங்கக் கூட்டம் அந்த வாரக் கடைசியில். அண்ணி பலகையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு பக்கம் நான் பிடித்தேன். கிளினிக் அறையில் பத்துப் பதினைந்து பேர். டாக்டரைப் பாராட்டி யாரோ ஸ்வீட் வாங்கியிருந்தார்கள். பல் டாக்டர் கிளினிக்கில் ஸ்வீட் என்பதை நினைத்து நான் சிரித்ததற்கே முறைத்தார்கள்.

அண்ணி எதையும் சுற்றி வளைக்கவில்லை. "சார், அந்தப் பறவைக்கு நான்தான் கால்ல பெயிண்ட் பூசினேன். தெரியாம. தட்டை மூடாம கை கழுவப் போயிட்டேன், அது இறங்கி நடந்திருக்கு. இதோ தடம். வலது கால் வெளி விரல் குட்டை."

டாக்டர் பலகையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"போன வருஷம் மரத்துல காக்கா. இந்த வருஷம் பலகைல தடம். அடுத்த வருஷம் முட்டையும் கொண்டு வருவீங்களா?"

"அது வேற, சார். இது நான் சொல்றது" என்றாள் அண்ணி.

"ஒரே வீடுதானே."

"டாக்டர், அந்தப் பறவைக்கு வயசைப் பாருங்க. இரண்டு கோட். அந்த வயசுல..."

"கோட்டா? நாங்க இங்க மூன்றாம் குளிர்காலம்னு சொல்லுவோம்மா. இது பறவைச் சங்கம், பட்டறை இல்ல."

சிலர் சிரித்தார்கள். அண்ணியின் காது சிவந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. "பேரு எப்படி வேணா இருக்கட்டும். அந்த வயசுல மஞ்சள்கால் வகைக்கே கால் மங்கலாத்தான் இருக்கும். இவ்வளவு பளபளப்பு எனாமல்ல மட்டும்தான் வரும். இன்னும் ஒண்ணு சொல்றேன். பிரைமர் போடாத பெயிண்ட் ஈரத்துல நிக்காது. உப்புத்தண்ணி வேற. பதினஞ்சு நாள்ல உரியும். கணக்கெடுப்பு நாள் அன்னைக்கு அது கால் என்ன நிறம்னு பார்த்துக்கலாம்."

டாக்டர் படிவத்தை எடுத்தார். "ஒண்ணு செய்யலாம். இந்த வருஷத்துத் துறைமுகப் படிவத்துல மஞ்சள்கால் ஒன்றுன்னு சேர்த்து, நீ கையெழுத்துப் போடு. இல்லைன்னா துறைமுகத்தை நானே எண்ணிக்கிறேன்."

"போட மாட்டேன்."

"யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிச்சுதான் சொன்னேன்."

துறைமுகம் என்ற வரிக்கு எதிரே அண்ணியின் பெயர் கோடு போட்டு நீக்கப்பட்டது. டாக்டர் தன் பெயரை எழுதினார். மருந்துக்கடைக்காரர் தலையைத் தூக்காமல் எல்லாவற்றையும் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பலகை கனத்தது. "அண்ணி, நான் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வரேன். மர காக்கா என் வேலைன்னு சொல்லிடறேன்."

"அது உன் வேலைன்னு ஊருக்கே தெரியும், வாலு. நீ மன்னிப்புக் கேட்டா அவர் எண்ணினது எண்ணலைன்னு ஆயிடுமா?"

"அப்ப துறைமுகம் போச்சா?"

"எங்க போச்சு? அங்கேயேதான் இருக்கு. தினமும் பெயிண்ட் அடிக்க அங்கதான் போகணும். கணக்கெடுப்பு ஞாயித்துக்கிழமை எண்ணவும் அங்கதான் போவேன். எண்ண வேண்டாம்னு சொல்ல அது என்ன அவர் க்ளினிக்கா."

"படிவம்?"

"நோட்டு இருக்கு."

இருந்தாலும் கணக்கெடுப்புக்கு இருந்த பதினாறு நாளும் அவள் தூங்கியது குறைவு. அண்ணன் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பாள். "மேல இருந்து தெரிஞ்சுதா? கால் எப்படி இருக்கு?" அண்ணன் கிரேனிலிருந்து பார்த்த செய்தியைச் சொல்வான். "இன்னும் மஞ்சள்தான்." பதினொன்றாம் நாளும் மஞ்சள்தான் என்றான். அன்று அண்ணி டின் மூடியை உற்றுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நல்ல கம்பெனி பெயிண்டாக வாங்கிவிட்டோமோ என்று முதல் முறையாக அவளுக்குப் பயம் வந்ததுபோல் இருந்தது.

கணக்கெடுப்பு ஞாயிறு காலை. கடல் பக்கமிருந்து காற்று ஊசிபோலக் குத்தியது. நான் பையில் மர காக்காவை எடுத்து வைத்திருந்தேன். ஒரு கால் மஞ்சள், ஒரு கால் பச்சை என்று அடித்து டாக்டரின் கார் மேல் வைத்துவிட ஆசை. அண்ணி பையின் புடைப்பைப் பார்த்தாள்.

"இன்னைக்கு எந்த விளையாட்டும் வேண்டாம்."

"சும்மா துணைக்குத்தான் எடுத்துட்டு வந்தேன்."

"பைக்குள்ளயே இருக்கட்டும்."

இருக்க வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தியாகம் அது.

டாக்டர், மருந்துக்கடைக்காரர், இன்னும் இரண்டு பேர் துறைமுகச் சுவரருகே லென்ஸ் நிறுத்தியிருந்தார்கள். அண்ணி அவர்களுக்குப் பத்தடி தள்ளி, கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டு, தன் பழைய பைனாகுலரோடு நின்றாள். யாரும் போகச் சொல்லவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது: பி, பி, மு, ஒண்ணு, மு.

எண்ணி முடித்ததும் டாக்டர் சத்தமாகச் சொன்னார், "பெரிய வகை, நூற்று நாற்பத்து மூன்று."

"நாப்பத்து நாலு" என்றாள் அண்ணி, நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எங்க?"

"கம்பத்து மேல."

படகு கட்டும் கம்பத்தின் உச்சியில், போன வருடம் நான் ஆணி அடித்த அதே இடத்தில், ஒரு கடற்காகம் உட்கார்ந்திருந்தது. அசையவில்லை. டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு தடவைதாம்மா ஏமாறுவேன். அது கணக்குல இல்ல."

"சார், அது நிஜம்" என்றேன்.

"நீ சொன்னா கண்டிப்பா மரம்தான்."

பையைத் திறந்து மர காக்காவை வெளியே எடுத்தேன். "மரம் இங்க இருக்கு, சார்."

"இன்னொண்ணு செஞ்சிருப்பே."

அண்ணி முதல் முறையாக அவர் பக்கம் திரும்பினாள். "காத்தைப் பாருங்க, டாக்டர். போன வருஷமே சொன்னேன். அது மூஞ்சியக் காத்துக்குக் காட்டுது. கழுத்து இறகு படியுது, எழும்புது. ஒரு பொய்ப் பறவையை எண்ணுனீங்க. இப்ப நிஜப் பறவையை எண்ண மாட்டேங்கறீங்க. இரண்டும் ஒரே தப்புதான். பறவையைப் பார்க்காம ஆளைப் பார்க்கறீங்க."

கம்பத்துப் பறவை அப்போதுதான் ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டது. மருந்துக்கடைக்காரர், "மரத்துக்குக் குளிராது, டாக்டர்" என்று முணுமுணுத்து, நூற்று நாற்பத்து நாலு என்று எழுதினார்.

அதே நேரம் ஐஸ் ஃபேக்டரிக் கூரையிலிருந்து ஒன்று இறங்கி, எங்களுக்கு இருபதடி தூரத்தில் காய்ந்த சிமெண்ட் தரையில் நின்றது. அலகில் கறுப்பு வளையம், கழுத்தில் பென்சில் கோடு. இடது கால் சுத்தமான ரோஸ். வலது காலில் பாதி மஞ்சள். அதிலும் ஒரு துண்டு உரிந்து, கிழிந்த சாக்ஸ்போலப் பாதத்தின் மேல் தொங்கியது. அது குனிந்து அந்தத் துண்டை அலகால் இழுத்துப் பார்த்தது. பிறகு எங்களைப் பார்த்தது. பிரெட் இருக்கிறதா என்று கேட்பதுபோல இருந்தது.

டாக்டர் லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கலப்பினமா இருக்கலாம்" என்றார்.

"ஒரு கால் அப்பா மாதிரி, ஒரு கால் அம்மா மாதிரியா?" என்று கூட இருந்தவர்களில் ஒருவர் கேட்டுவிட்டார்.

மருந்துக்கடைக்காரர் மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டினார். விரலில் எச்சில் தொட்டு, பக்கம் தேடி, வாய்விட்டுப் படித்தார். "'வலது கால் வெளி விரல் குட்டை என்று சொல்லப்பட்டது. பதினைந்து நாளில் உரியும் என்றும் சொல்லப்பட்டது. டீ ஆறிவிட்டது.'" புத்தகத்தை மூடினார். "டாக்டர், வலது கால் வெளி விரலைக் கொஞ்சம் பாருங்க."

டாக்டர் பார்த்தார். மறுபடி பார்த்தார். லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தபோது அவருக்குத் திடீரென்று வயது கூடியிருந்தது. அண்ணியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சரிம்மா. குறிப்புல ஒண்ணுமே எழுத வேண்டாம். மஞ்சள்காலும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். காலியா விட்டுடலாம். துறைமுகம் உனக்கே."

நான் மனசுக்குள், வாங்கிக்கோ அண்ணி, வாங்கிக்கோ என்று கத்தினேன். பதினொரு வருடத்துப் பெயர் திரும்பக் கிடைக்கிறது, ஒரு வரியைக் காலியாக விட்டால் போதும்.

"காலியா விட மாட்டேன்" என்றாள் அண்ணி. "அது இங்க இருந்துச்சு. ரோஸ் கால், இரண்டு கோட், வலது கால்ல என் பெயிண்ட். நான் தட்டை மூடலை, அதையும் எழுதுவேன். என் தப்பை நான் எழுதறேன். பேப்பர்ல போட்டது நீங்க, அதை நீங்க பார்த்துக்குங்க."

"பேப்பர்ல வந்தாச்சேம்மா. ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"என்னை என்ன சொன்னாங்களோ அதைத்தான் சொல்லுவாங்க. ஒரு வாரம் சிரிப்பாங்க. நான் செத்தா போயிட்டேன்?"

படிவத்தை வாங்கினாள். டாக்டரின் பெயரை ஒரே கோட்டில் அடித்தாள். தன் பெயரை எழுதினாள். குறிப்பு என்ற கட்டத்தில், இடம் போதாமல் பின்பக்கம் வரை, சொன்னதையெல்லாம் எழுதினாள். வயது என்ற கட்டத்தில் 'இரண்டு கோட்' என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, கீழே சின்ன எழுத்தில் 'மூன்றாம் குளிர்காலம்' என்றும் போட்டாள். அதைச் செயலாளரிடம் நீட்டினாள். அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கடலைப் பார்த்தார். செயலாளர் சட்டைப் பையிலிருந்து சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, ஊதி, தன் முழங்கால் மேலேயே வைத்துக் குத்தினார்.

கம்பத்துக் கடற்காகம் அப்போது கிளம்பியது. போகிற போக்கில் டாக்டரின் லென்ஸ் உறை மேல் தன் குறிப்பையும் எழுதிவிட்டுப் போனது. நான் சத்தியமாக ஒன்றும் சொல்லவில்லை. பையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பேப்பரில் திருத்தம் வர ஒரு மாதம் ஆனது, அதுவும் கடைசிப் பக்கத்தில், விரல் நகம் அளவுக்கு. டாக்டரே கையெழுத்துப் போட்டு அனுப்பினார் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். அடுத்த கூட்டத்துக்கு அண்ணி என் மர காக்காவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அதன் வலது காலில் மட்டும் பாதி மஞ்சள் அடித்திருந்தாள். காத்திருக்கும் அறையில், சொத்தைப் பல் படத்துக்குக் கீழே, அலமாரியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். டாக்டர் அதைப் பார்த்தார், எழுந்து அதன் அருகே போனார். தூக்கி எறியத்தான் போகிறார் என்று நினைத்தேன். அதை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்றைக்குக் காற்று ஜன்னல் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

பட்டறையில் இப்போது ரோலர் தட்டுக்கு மூடி இருக்கிறது. பழைய டின் தகட்டை வெட்டி அண்ணியே செய்தது. கை கழுவப் போவதற்கு முன்னால் அதைப் போட்டு, மேலே ஒரு செங்கல்லும் வைத்துவிட்டுத்தான் போகிறாள். பிரெட் காகிதத்தை மட்டும் பிரித்தபடியே விட்டுப் போகிறாள். ஏன் என்று கேட்டேன்.

"மறந்துட்டேன்" என்றாள்.

தினமும் மறக்கிறாள்.